ஜஸ்டஸ் சார் திட்டிய வீடு

நான் ரிட்டையர் ஆனபோது எனக்கு வயது இருபத்தொன்பது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வரலாம். காத்திருக்கிறேன்.

பழைய வீடுகளை வாங்கி, பழுது பார்த்து, விற்பதுதான் என் தொழிலாக இருந்தது. இப்போது நாகர்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது, சம்பளம் மாதாமாதம் வருகிறது, நகத்துக்குள் சிமென்ட் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் எந்நேரமும் ரீல்ஸ் பார்க்கிறார்கள். அதில் ஒரு இடிந்த வீடு வரும், ஒருத்தர் விரலைச் சொடுக்குவார், அடுத்த நொடி அது பளபளவென்று நிற்கும். பின்னணியில் பாட்டு வேறு. "மிஸ், நீங்களும் இதுதான செஞ்சிய? பின்ன எதுக்கு விட்டிய?" என்று போன வாரம் ஒருத்தி கேட்டாள். சொடுக்குக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படித்த கதையை நீட்ட மாட்டேன். பி.இ. சிவில். பாலம் கட்டப் படித்தேன், வெளியே வந்தபோது பாலத்துக்கு நான் தேவைப்படவில்லை. கோட்டாற்றில் ஒரு பாத்திரக்கடை மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ஜஸ்டஸ் சாரிடம் சேர்ந்தேன்.

ஜஸ்டஸ் சார் கல்ஃபில் ஃபோர்மேனாக இருந்து திரும்பியவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, அதன் பாக்கெட்டில் நான்காக மடித்த கைக்குட்டை, ஊரையே தூக்கும் சென்ட். அவர் கீழே ஆட்டோவை விட்டு இறங்கும்போதே சென்ட் மாடிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். அவர் வீடு பார்க்கும் விதத்தை வகுப்பில் நான் இப்போது பாடமாகவே நடத்துகிறேன். அவருக்கு ராயல்டி கிடையாது.

வீட்டுக்காரர் முன்வாசலைத் திறந்து "வாங்க வாங்க" என்று நிற்பார். சார் அவரைப் பார்க்கவே மாட்டார். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நுழைவார். முதலில் கழிவறை. பிறகு அடுக்களையின் பின்சுவர். பிறகு ஏணி போட்டு மச்சு. கடைசியில்தான் ஹால்.

"ஹால்ல எல்லாரும் பொய் சொல்லுவான் பிள்ளே, பெயின்ட் உட்பட," என்பார். "கக்கூசுக்கு பொய் சொல்லத் தெரியாது."

உத்தரங்களைச் சாவியால் தட்டிக் கேட்பார். அதற்கப்புறம் அந்தக் காரியம். சுவரைச் சாவி முனையால் சுரண்டி, பொடியை நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடுவார். கைக்குட்டையில் துப்புவார். கைக்குட்டை பாக்கெட்டுக்குள் போய்விட்டால் வியாபாரம் முடிந்தது, அந்த வீடு வேண்டாம்.

"உப்பு வீட்டத் தொடாத. அது ஓனர மாத்திட்டே இருக்கும். அது மாறாது," என்பது அவருடைய சட்டம்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் கதவைத் தடவித் தடவிக் காட்டினார். அரண்மனைக்கு மரம் கொடுத்தவர்களேதான் இதற்கும் கொடுத்தார்களாம். சார் சாவியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "கொள்ளாம். நல்ல வீடாக்கும். லெட்சணமா இருக்கு," என்று கைகூப்பிவிட்டு வந்துவிட்டார். நான் வண்டியில் விலை பேசும் கணக்கில் இருந்தேன்.

"என்னத்த பேசப் போற? உத்தரத்துக்குள்ள கறையான் குடும்பம் நடத்துகு. மரம் எங்க இருக்கு? பெயின்ட்டுதான் நிக்கி."

"பின்ன நல்ல வீடுன்னு சொன்னிய?"

"வாங்காத வீட்டுக்கு நல்ல வார்த்த சொன்னா நமக்கு என்ன குறையப் போவு?"

அதே தெருவில் தள்ளி, அடுக்களை சரிந்த இன்னொரு வீடு. அங்கே சார் ஆடிய ஆட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். "இது வீடா வேய்? மாடு கெட்டவும் கொள்ளாது. படிய பாரும், ஜன்னல பாரும். எந்த சவத்துக்கு என்னை இங்க கூப்பிட்டீரு?" வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டைத்தான் வாங்கினோம்.

அந்த வீட்டில் ஹாலுக்கு மேலே யாரோ தெர்மோகோல் சீலிங் ஒட்டியிருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கவே அரித்தது. ஒரு பலகையைப் பிய்த்தேன். உள்ளே பழைய பலாமர மேல்தட்டு, கட்டம் கட்டமாக, பூ செதுக்கி, தேன் நிறத்தில். சார் அதை மூடியே விடச் சொன்னார், வாங்குகிறவர்கள் வெள்ளையாக இருந்தால்தான் கேட்பார்களாம். அவர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து நான் முழுதும் பிய்த்துவிட்டேன். முதலில் பார்க்க வந்தவர்களே அண்ணாந்து பார்த்தபடி அட்வான்ஸ் கொடுத்தார்கள். அன்றைக்கு வீங்கிய என் தலைக்கனம் இன்னும் வற்றவில்லை.

இனி அம்மா. அவளில்லாமல் இந்தக் கதை இல்லை.

அம்மா பெயர் லூர்தம்மா. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் எடுத்து, உப்பிட்டு, காயவைத்து, சந்தை சந்தையாகக் கருவாடு விற்றவள். அப்பா நான் தவழும்போதே போய்விட்டார். கருவாடுதான் என்னை எஞ்சினியர் ஆக்கியது. அதே கருவாடுதான் எங்களை ஒரு வீட்டிலும் நிலைக்க விடவில்லை. வாடகை வீட்டுக்காரர்கள் எல்லோரும் தங்கமானவர்கள். கொஞ்ச நாள் கழித்து எல்லோரும் ஒரே மாதிரி மூக்கைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார்கள். கடைசியாக இருந்த வீட்டின் அண்ணாச்சி, "அக்கா ஒண்ணும் நெனைக்காதீங்க, மோள பொண்ணு பாக்க ஆளு வருகாவ, இந்த மணம்..." என்று இழுத்தார். வருகிற மழைக்காலம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அவர் போன பிறகு அம்மா தொடங்கினாள்.

"நாத்தமாம். நான் குடுக்க வாடக நோட்டுலயும் அதே நாத்தந்தான் இருக்கு. அத மட்டும் மடக்கி பாக்கெட்டுல வெக்கான்."

பிறகு என்னைப் பார்த்தாள். "ஏட்டி, ஊருக்கெல்லாம் வீடு சரி பண்ணிக் குடுக்க. எனக்குன்னு ஆரும் எறங்குன்னு சொல்லாத ஒரு வீடு இந்த ஊருல இல்லியா?"

ஒன்று இருந்தது. தேங்காய்ப்பட்டணத்திலேயே, கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே. துளை துளையான சிவப்பு வெட்டுக்கல் சுவர், ஓட்டுக் கூரை, முற்றத்தில் கிணறு. நல்ல கட்டு. விலை மட்டும் பரிதாபமாக இருந்தது. காரணம் ஊருக்கே தெரியும். ஹாலின் வடக்குச் சுவர் வேர்க்கும். மழைக்காலத்தில் தொட்டால் கை நனையும், வெயில் காலத்தில் பூச்சு மாவாக உதிரும். யாரோ அழுத சாபம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். கல்ஃபில் இருந்த வீட்டுக்காரர் நம் ஊர் வழக்கப்படி ஒரு வைத்தியம் செய்திருந்தார். ஹால் சுவர் முழுக்க, மார்பு உயரத்துக்கு, பாத்ரூம் டைல்ஸ். நீலப் பூப் போட்டது. ஈரம் என்ன செய்யும்? டைல்ஸைத் தாண்டி மேலே ஏறி, அங்கே பூச்சைத் தின்ன ஆரம்பித்திருந்தது. அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு நாகர்கோவிலுக்குப் போய்விட்டது.

சாரைக் கூட்டிப் போனேன். பின்பக்கம், கழிவறை, அடுக்களை, மச்சு. கடைசியாக ஹால். டைல்ஸுக்கு மேலே சுரண்டி நாக்கில் வைத்தார். கைக்குட்டை பாக்கெட்டுக்குள் போனது.

"கொள்ளாம் பிள்ளே. நல்ல வீடாக்கும்."

அவர் அதைவிட மோசமாக ஒரு வீட்டைச் சொல்ல முடியாது.

இருந்தாலும் வாங்கினேன். என் சேமிப்பு, அம்மாவின் சேமிப்பு, அவள் கழுத்தில் கிடந்தது, எல்லாம் அந்த வேர்க்கிற சுவருக்குள் போனது. இன்னொரு வீடு வாங்க எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. சுவர் தோற்றால் அம்மா மறுபடியும் ஏதாவது ஒரு அண்ணாச்சியின் மூக்கைப் பார்த்துக்கொண்டு வாழவேண்டியதுதான். சார் விஷயத்தைக் கேட்டதும், "வட்டு பிடிச்சிருக்கா உனக்கு?" என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் கேட்டார்.

வெயில் காலத்தில் வேலையைத் தொடங்கினோம். கொத்தனார் தாசனும் நானும் டைல்ஸை உடைத்தோம். பின்னாலிருந்த சிமென்ட் பூச்சு, பலகை பலகையாகக் கழன்று வந்தது. வெட்டுக்கல் வெளியே தெரிந்ததும் தாசன் கையை எடுத்துவிட்டு நின்றார். சுவர் முழுக்க வெள்ளைப் பூஞ்சை மாதிரி உப்பு பூத்திருந்தது. அதுவும் ஒழுங்கில்லாமல் இல்லை. கீழே அகலமாக, மேலே போகப் போகக் குறுகி, மேடு மேடாக ஒரு தடம்.

அம்மா அன்றைக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள். பார்த்த உடனே சொன்னாள்.

"இது சாக்கு அடுக்குன தடமாக்கும். இங்க முந்தி ஆரோ கருவாடு போட்டு வச்சிருந்துருக்காவ."

விசாரித்ததில் அதுதான் உண்மை. கல்ஃப்காரர் வாங்குவதற்கு வெகுகாலம் முன்னால் அந்த ஹால் கருவாட்டுக் குடோன். ஈரம் காயாத சாக்குகளைச் சுவரோடு சுவராக அடுக்கி, வருடக்கணக்கில் உப்புநீரை வெட்டுக்கல் குடித்திருக்கிறது. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் சுவர் வேர்த்தது அதனால்தான். சாபம் எதுவும் இல்லை.

"பாத்தியாம்மா, உன் கருவாடு செஞ்ச வேலைய," என்றேன்.

"கருவாட்ட சொல்லாத. உனக்கு சோறு போட்ட சாதனம். அது போயி சுவரக் கெடுக்குமா? கல்லு மோசமான கல்லு."

இந்த விஷயத்தில் அவள் இன்றைக்கு வரை மாறவில்லை.

இப்போது செய்முறை. என் பிள்ளைகள் இதை இரண்டு தடவை படிக்கவும். உப்புச் சுவரைக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி, அந்தப் பொடியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கல்லிடுக்குகளில் இருக்கும் கெட்ட சாந்தைத் தோண்டி எடுக்க வேண்டும். பிறகு குளத்துக் களிமண், ஊறவைத்து அரைத்த பழைய பேப்பர், கொஞ்சம் ஆற்று மணல், தண்ணீர், எல்லாம் சேர்த்துத் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, சுவரில் விரல் கனத்துக்கு அப்ப வேண்டும். களியின் ஈரம் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். களி காயும்போது அந்த உப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் களி தானாக விட்டுவரும். எடுத்து எறிந்துவிட்டு, மறுபடியும் அப்ப வேண்டும். உப்பு குறையும் வரை.

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னலில் வந்து நின்றார்கள்.

"எஞ்சினியரம்மா சுவருக்கு ஃபேஸ்பேக் போடுகா பாத்தியளா?"

"கல்யாணத்துக்கு நிக்க புள்ள, மூஞ்சியில போடாம சுவருல போடுகா."

"சுவரு வெளுத்த பெறவு மிச்சம் இருந்தா தாறேன் மயினி, ஒங்களுக்கும் ஆவும்," என்றேன். அதற்கப்புறம் ஜன்னல் கொஞ்சம் காலியாக இருந்தது.

சார் நாக்கை வைத்துச் சோதித்தால், நான் படித்தவள் இல்லையா? கல்லூரித் தோழியின் லேபிலிருந்து சில்வர் நைட்ரேட் வாங்கி வந்தேன். காய்ந்த களியைக் கொஞ்சம் சுத்தமான தண்ணீரில் கரைத்து, தெளிவானதும் ஒரு சொட்டு விட வேண்டும். உப்பு இருந்தால் தண்ணீர் பாலாகும். முதல் சுற்றில் கெட்டிப் பால். சந்தோஷப்பட்டேன், உப்பு வெளியே வருகிறது. அடுத்த சுற்றிலும் கெட்டிப் பால். அதற்கடுத்ததிலும். மாட்டுப் பண்ணை மாதிரி பால் மட்டும் வந்துகொண்டே இருந்தது, குறையவே இல்லை.

மழைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூன் தொடக்கத்து இடவப்பாதி மழை கேரளத்தில் இறங்கும்போதே எங்களையும் நனைத்துவிடும். அதற்குள் பூச்சு காயாவிட்டால் எல்லாம் வீண்.

அந்தச் சமயம் பார்த்துதான் சென்ட் வாசம் வந்தது. பின்னாலேயே சாரும் வந்தார். களி அப்பிய சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"பிள்ளே, நான் ஒண்ணு சொல்லுகேன், வருத்தப்படாத. மனை வெலைக்கு நான் எடுத்துக்கிடுகேன். இடிச்சிட்டு புதுசா கெட்டலாம். உங்க அம்மைக்கு வேற எடத்துல வாடகைக்கு நான் பாத்துத் தாறேன்."

வாடகை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மண்டைக்குள் சுர்ரென்றது.

"சார், எனக்கு இந்த மழை வரைக்கும் டைம் குடுங்க. சுவரு நனைஞ்சா நானே ஆபீசுக்கு வந்து வீட்ட எழுதி ஒப்பு போட்டுத் தாறேன்."

"வாக்காக்கும்," என்றார்.

"வாக்குதான்."

அவர் போனார். நான் களி குழைக்கும் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சுவரில் இருந்து உப்பு வருகிறது, சரி. வாளியில்? சட்டென்று விரலை முக்கி நாக்கில் வைத்தேன்.

"தாசண்ணா, இது எந்தத் தண்ணி?"

"முற்றத்துக் கெணத்துத் தண்ணி. நல்ல கண்ணாடி மாதிரி இருக்குல்லா?"

கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஆனால் கரித்தது. கடலுக்குப் பக்கத்துக் கிணறு. அந்த வீட்டில் எல்லோரும் குடிக்கக் குழாய்த் தண்ணீர் பிடித்து, கிணற்றைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் வைத்திருந்ததால் யாரும் அதை வாயில் வைத்ததே இல்லை. ஒரு கையால் உப்பை எடுத்து, மறு கையால் சுவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தோம். சோதனைக் குழாயில் வராத பதில் நாக்கில் வந்தது. சாருடைய அந்த அசிங்கமான பழக்கத்துக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். வெளியே சொல்லவில்லை.

குழாய்த் தண்ணீர் குடிக்கவே போதாது. மேலே பார்த்தேன். கோடை மழை மூட்டமாகக் கட்டியிருந்தது. தகரத்தை மடக்கி ஓட்டின் விளிம்பில் ஓடையாகக் கட்டினோம். பிளாஸ்டிக் டிரம் வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அரைமணியில் ஆட்டோவில் டிரம்களோடு வந்து இறங்கினாள். மூடியைத் திறந்தேன்.

"எம்மா, இது மீன் உப்புல ஊறுன டிரம்மு."

"கழுவித்தான் கொண்டு வந்துருக்கேன்."

"எதுல கழுவின?"

"கடல்ல."

அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, கேலி பேசிய அதே மயினிமாரிடம் போய் நின்றேன். பாவம், ஆளுக்கொரு டிரம் தந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் இடி இடித்து மழை கொட்டியது. ஓடு கழுவிய முதல் தண்ணீரை வெளியே விட்டு, மீதியைப் பிடித்தோம். கூரையில் இருந்து விழுந்த அந்தத் தண்ணீரை எல்லோருக்கும் முன்னால் குடித்துக் காட்டினேன். இனித்தது.

மழைத் தண்ணீரில் குழைத்த களி, கதையை மாற்றியது. கெட்டிப் பால் மோராயிற்று. மோர் கஞ்சித் தெளிவாயிற்று. கடைசிச் சுற்றில் சொட்டு விட்டபோது குழாயில் லேசாக ஒரு புகை மட்டும் எழுந்தது. பிறகு சிப்பிச் சுண்ணாம்பும் ஆற்று மணலும் சேர்த்த பூச்சு. சிமென்ட் ஒரு கரண்டிகூடக் கிடையாது, சுவர் மூச்சுவிட வேண்டும். தாசன் தேய்த்து முடித்தபோது அது முட்டைத் தோடு மாதிரி இருந்தது.

இடவப்பாதி வந்தது. வாடகை வீட்டுச் சாமான்கள் சாக்கில் கட்டித் தயாராக இருந்தன, எங்கே போகும் என்று மட்டும் தெரியவில்லை. மழை நாட்களில் அம்மா சந்தைக்குப் போகிற வழியில் தினமும் புது வீட்டைத் திறந்து, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். எனக்குப் போன் செய்து ஒரே வார்த்தை சொல்வாள். "காஞ்சிருக்கு." கூரை ஓட்டிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிய நாட்களிலும் "காஞ்சிருக்கு". பக்கத்து வீட்டுச் சுவர்களெல்லாம் பாசி பிடித்த நாட்களிலும் அதே வார்த்தை. மழை விட்டு வெயில் வந்தது. ஒரு பொட்டுகூட உதிரவில்லை.

சாரை நானே கூப்பிட்டேன். வழக்கம்போலப் பின்பக்கமாக வந்தார். கழிவறை, அடுக்களை, மச்சு. அம்மா குடியேறும் முன்பே அடுப்பைப் பற்றவைத்து நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஹாலுக்கு வந்து, சாவியை எடுத்து, வடக்குச் சுவரைச் சுரண்டி, நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். மறுபடியும் வேறு இடத்தில் சுரண்டினார். கைக்குட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஆரம்பித்தார்.

"இதென்ன ஜன்னலு, கோழிக்கூட்டுக்கு வெக்கதா? படி ஒசரம். மச்சுல மனுசன் நிமிர முடியாது. ஆரு வாங்குவா இந்த சவத்த?"

எனக்குக் காதுக்குள் பூ விழுந்த மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இந்தப் பாஷை அம்மாவுக்குத் தெரியாதே. சட்டுவத்தோடு வந்துவிட்டாள்.

"ஏ மனுசா, ஒம்ம ஆரு வாங்கச் சொன்னா? என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என் வீட்டயே சவம்னு சொல்லுதீரு. நீரு பூசியிருக்க சென்ட்டுக்கு என் கருவாடு எவ்வளவோ மேலு."

சார் அசையவில்லை. என் பக்கம் திரும்பினார். "வெல சொல்லு பிள்ளே."

"அம்மாட்ட கேளுங்க சார்."

"விக்கதுக்கில்ல," என்றாள் அம்மா. அவருக்கு ஒரு தட்டு சோறும் நெத்திலியும் போட்டாள். அவர் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினார். போகும்போது வாசலில் நின்று, "அடுத்த வேல எப்ப?" என்றார்.

"அம்மாவுக்கு வீடு ஆச்சு, அவ்வளவுதான் சார். நான் ரிட்டையர்ட்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போ, சவமே," என்றார். அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் தரவில்லை.

குடியேறிய மறுநாள் வெளியே போய்விட்டுத் திரும்பினால், ஹாலில் அம்மாவின் கருவாட்டுச் சாக்குகள். எங்கே? வடக்குச் சுவரோடு, அச்சுப் பிசகாமல், அந்தப் பழைய தடத்தின் மேலேயே.

"மூலையில இடம் இருந்துச்சு, வச்சேன்," என்றாள்.

அயனி மரப் பலகை வாங்கி வந்து, தாசனைக் கூப்பிட்டு, ஒரு பரண் அடித்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரம். சுவரிலிருந்து ஒரு கை நுழையும் இடைவெளி. சாக்குக்கு அடியில் உப்புநீர் வடிய ஒரு தட்டு. அதுதான் என் தொழில் வாழ்க்கையின் கடைசி வேலை.

"கருவாட்டுக்குக் கட்டில் போட்ட மொத எஞ்சினியர் நீயாத்தான் இருப்ப," என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு மயினி ஒருநாள் மணத்தைப் பற்றி லேசாக இழுத்தபோது, அம்மா வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்தபடி, "எங்க வீடாக்கும் மயினி. மணத்தா உங்க ஜன்னல சாத்துங்க," என்றாள். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவள் ஒரு ஆயுசு காத்திருந்தாள்.

நான் ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போகிறேன். போனதும் சாக்குக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்ப்பேன். "தங்கம் ஒண்ணும் ஒளிச்சு வெக்கல, கைய எடு," என்பாள். அவள் அடுக்களைக்குப் போனதும் சாவியால் லேசாகச் சுரண்டி, நாக்கில் வைப்பேன்.

சுண்ணாம்பு. வெறும் சுண்ணாம்பு.